அந்நியச் செல்கள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கர் வேலை. தையல் கோணினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். அதனால் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா."

"ரிஜெக்ட் பண்றது என் வேலை டாக்டர். நான் பண்ணலையே?"

அவளுடைய சர்க்கரை நோய்க்காக, இறந்துபோன ஒருவரின் கணையத்திலிருந்து எடுத்த, இன்சுலின் சுரக்கும் செல்களை அவளுடைய கல்லீரலில் வைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் உடம்பின் காவல் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லி, வந்தவற்றை அந்நியம் என்று அழித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஒன்றுகூட மிச்சமில்லை. இனி இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு வாரம் தாங்காது.

"சர்க்கரை தொண்ணூத்தாறுதானே இருக்கு?"

"அதுதான் புரியல."

அவள் ஊசி போட்டுக்கொள்ள மறுத்தாள். வீட்டில் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"உசிரோட விளையாடாதடி!"

"யார் உசிரோட?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மூன்று மாதங்கள் ஊசி இல்லாமல் போயின. ஒவ்வொரு காலையும் சர்க்கரை மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். முடிவை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காவல் செல்லெல்லாம் இன்னும் சேதி சொல்லிக்கிட்டுதான் இருக்கும்மா. ஆனா அது ஒண்ணுகூட உங்களோடது இல்ல. எல்லாம் செல் கொடுத்தவரோடது. அந்நியம்னு அதுங்க காட்டுறது உங்களை."

அவள் மடித்துவிட்டிருந்த சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.

"காட்டட்டும் டாக்டர். நானும் இந்த உடம்பைக் காலி பண்றதா இல்ல."