திருடன் குடித்த இளநீர்

இளநீர் வண்டியில் மாட்டியிருந்த, போனில் பணம் வாங்கும் ஸ்கேன் அட்டையைக் கழற்றிச் சாக்குக்கு அடியில் போட்டாள்.

வங்கியிலிருந்து நேராக வண்டிக்கு வந்திருந்தாள். கணக்கை முடக்கிவிட்டார்களாம்.

எங்கோ வடக்கே ஒருவரின் பணத்தைப் போனிலேயே சுருட்டிய திருடன், போன மாதம் இவளிடம் இளநீர் குடித்திருக்கிறான். ஐம்பது ரூபாய். அதையும் போனில்தான் அனுப்பியிருக்கிறான்.

அந்த ஐம்பதுக்காக அவளுடைய நாற்பத்தோராயிரத்தையும் பூட்டி வைத்துவிட்டார்கள்.

"அம்பதை எடுத்துக்கிட்டு மீதியக் குடுங்க" என்று கேட்டுப் பார்த்தாள். அந்த ஊர்ப் போலீஸிடமிருந்து கடிதம் வர வேண்டுமாம்.

அப்போது வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மகளின் நர்சிங் தேர்வுக் கட்டணம் மூவாயிரத்து ஐந்நூறு. இன்றைக்குக் கடைசி நாள். நாலு மணிக்குள் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ரொக்கம் எங்கே இருக்கிறது?

பூங்காவுக்கு வந்தவர்கள் வண்டி முன் நின்றார்கள். போனை நீட்டினார்கள்.

"ரொக்கந்தானுங்க."

சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் எல்லோரும் பணக்காரர்கள். ஒருவர் கையிலும் காசு இல்லை.

பதினோரு மணிவரை நான்கு காய்தான் போனது. வண்டியில் இன்னும் நூறு கிடந்தது.

தினமும் நடக்க வரும் பெரியவர், ஸ்கேன் அட்டை எங்கே என்று கேட்டார். மகளின் கட்டணம்வரை சொன்னாள். அவர் எதிரிலிருந்த ஏடிஎம்முக்குப் போய்விட்டு வந்து, ஐந்நூறும் நூறுமாகக் கட்டணத்துக்கு வேண்டியதை நீட்டினார்.

"வெச்சுக்க அம்மிணி. பொறவு குடு."

அவள் வாங்கவில்லை.

புருஷன் போனபின் பன்னிரண்டு வருடமாக இந்த வண்டியைத் தள்ளுகிறாள். ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவள் சம்பாதித்த திமிர்.

ஒரு காயைச் சீவி அவர் கையில் கொடுத்தாள்.

குடித்தார்.

தாள்களிலிருந்து ஒரு நூறை மட்டும் உருவிக்கொண்டாள். பாக்கி ஐம்பதுக்கு இன்னொரு காயைச் சீவினாள்.

அதையும் குடித்தார்.

கையில் மிச்சமிருந்த தாள்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. வியாபாரம் செய்கிறவளின் முகம்.

மூன்றாவது காயை எடுத்துச் சீவத் தொடங்கியிருந்தாள்.

அவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு போனை எடுத்தார்.

"ஏனப்பா குழந்தவேலு, நம்ம வாக்கிங் ஆளுக எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் பார்க் வாசலுக்கு வா. வர்றப்ப ரொக்கமா எடுத்துட்டு வாங்க."

கொஞ்சம் யோசித்தார்.

"இன்னைக்கு மத்தியானம் யாரும் சோறு திங்க வேண்டாம்னு சொல்லு."