துரை பங்களா லாந்தர்

புதுவீட்டுக் கூடத்தில் அழகுக்காக மாட்டுவதற்கு இளம்பரிதி ஒரு பழைய துரை பங்களா லாந்தரை வாங்கி வந்திருந்தான். அவன் மனைவி பூங்கோதை அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெரிய மாமியார் எல்லோர் காதிலும் விழும்படி சிரித்தார்.

“உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே கோதை? உங்க பூட்டன் துரைக்கு லாந்தர் தூக்குன ஆளாமே!”

இளம்பரிதி வாய் திறப்பதற்குள் பூங்கோதையே நிமிர்ந்தாள்.

“ஆமா அத்தை. இருட்டுல அவருதான் முன்னால நடப்பாரு. அவ்வளவு பெரிய துரை, அவரு கால் வச்ச இடம் பார்த்துப் பின்னாலயே வரணும்.”

திரியை ஏற்றி லாந்தரை உயர்த்தினாள்.

“வாங்க, மாடியைக் காட்டுறேன்.”

மாடிப்படிக்கு இன்னும் மின்விளக்கு போடவில்லை. பெரிய மாமியார் பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக அவள் பின்னாலேயே ஏறினார்.