மூன்றாவது கூண்டுப் பாம்பு

"இதோட அப்பன் யாரு ஊலே?"

மூன்றாவது கூண்டில் சுருண்டு கிடந்த மலைப்பாம்பைக் காட்டித்தான் நாஜியா கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் அய்யாசாமி, யாங்கோன் ஆற்றின் அக்கரையில் டாலாவில் பாம்பு வளர்த்து விற்பவர். தமிழர்தான் என்றாலும் யாங்கோனில் மாமன் வயதுக்காரர்களை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி 'ஊலே' என்றே அவரையும் கூப்பிட்டாள்.

"அப்பனக் கேட்டு என்ன பண்ணப் போறே புள்ள? ஆத்தாளக் கேளு. ஆத்தா வெள்ளை. பால்ல மஞ்சப்பொடி தூவுன மாதிரி இருப்பா."

விலையே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. வெள்ளைத் தாய்க்குப் பிறந்தது பார்வைக்கு ஊர்ப் பாம்பு போலப் பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை அதன் இரத்தத்தில் ஒளிந்திருக்கும். அதே இரத்தமுள்ள ஆணோடு சேர்த்தால், நாலு குட்டிக்கு ஒன்று வெள்ளையாகப் பொரியும். அப்படி ஓர் ஆண் தாகேதாவில் நாஜியாவின் வீட்டில் இருந்தது. அதன் இரத்தத்தைப் பற்றி அவளுக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். விலங்கியல். பல்கலைக்கழகத்தை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்ததில், மூன்று வருடப் படிப்பு ஏழு வருடம் ஆயிற்று. அந்தப் பட்டத்தை மதித்து ஒருவனும் வேலை தரவில்லை. லான்மடாவில் கடைக்காரர் பிள்ளைகளுக்கு வாய் வலிக்க ட்யூஷன் சொல்லிச் சேர்த்ததுதான் பையில் இருந்தது. அது ஒரு சாதாரண மலைப்பாம்பின் விலை. அய்யாசாமி கேட்டது அதைப்போல ஐந்து மடங்கு. நாளைக் காலையில் தோல் வியாபாரி லாரியோடு வருகிறான். இன்று இந்தப் பாம்பு அவள் கைக்கு வரவில்லையென்றால் நாளை அது யாருக்கோ செருப்பு.

வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

கட்டுப்படியாகாவிட்டால் ரெண்டாவது கூண்டில் இருப்பதை எடுத்துக்கொள் என்றார் அய்யாசாமி. இதைவிடப் பெரிசு, சாது, கையில் உள்ள பணத்துக்கே தருகிறேன் என்றார். நாஜியா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாய் எங்கே என்று கேட்டாள். செத்துவிட்டது என்றார். முட்டை எங்கே இட்டது என்றாள். இங்கேதான் என்றார், கொஞ்சம் பொறுத்து அதே கேள்வியைக் கேட்டபோது பெகு ஊரில் என்றார்.

"பாம்பு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட இவ்வளவு துருவ மாட்டாங்க."

"பொண்ணுன்னா வாயத் தொறந்து அதே சொல்லும் ஊலே. இது சொல்லாது. நீங்கதான் சொல்லணும். வெள்ளை ரத்தம்னா தோல்காரனுக்கு ஏன் தூக்கிக் குடுக்கறீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் பாம்பு உரித்த சட்டை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. செத்துப்போன வெள்ளைத் தாய் உரித்தது, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார்.

நாஜியா சட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். தேயிலைக் கறை போலத் திட்டுத் திட்டாகக் கோலம் தெரிந்தது.

"வெள்ளைப் பாம்பு உரிச்ச சட்டையில இப்படிக் கோலம் விழாது. இது ஊர்ப் பாம்பு உரிச்சது."

அய்யாசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். படித்த பிள்ளைகளோடு வியாபாரமே பண்ணக்கூடாது என்று முனகினார். பிறகு மெல்ல மெல்ல வந்தது. போன வருடம் ஒரு தரகனிடம் இதை வளர்ந்த பாம்பாகவே வாங்கினாராம். எங்கே பொரித்தது, யாருக்குப் பிறந்தது, தரகனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"ஆத்தா வெள்ளைங்கறது நானாச் சொன்னதுதான் புள்ள. எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்றது. வாங்கறவன் எவனும் இப்படி நோண்டறதில்ல."

"அப்ப இது ஊர்ப் பாம்பு. ஊர்ப் பாம்பு விலைதான் தருவேன்."

தோல்காரன் இதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பான் என்பது அவருக்கும் தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டார். நாஜியா அதோடு விடவில்லை. பிறப்பு வளர்ப்பு தெரியாத பெண் பாம்பு ஒன்றை இவளுக்கு விற்றேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பேய்ப் பிள்ளையாக இருக்கிறாயே என்று திட்டிக்கொண்டே போட்டார்.

பாம்பு கனம். சாக்கைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிப் படித்துறைவரை அவரே வந்து, சம்பான் படகில் இறக்கியும் வைத்தார். இறக்கியதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நூறு கேள்வி கேட்டே. கடைசில அப்பன் ஆத்தா தெரியாத பாம்பத்தான் தூக்கிட்டுப் போறே. இதுக்கா ஏழு வருஷம் படிச்சே?"

படகுக்காரன் துடுப்பைத் தள்ளினான். கரைக்கும் படகுக்கும் நடுவே நாலு முழம் தண்ணீர் விழும்வரை நாஜியா காத்திருந்தாள். பிறகு சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"காலையிலேருந்து நீங்க சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் நெசம் ஊலே, இதோட ஆத்தா வெள்ளைதான். எங்க வீட்டு அரிசிப் பானைக்குள்ள இது முட்டை ஓட்ட ஒடச்சு வெளிய வந்த அன்னைக்கே முதுகுக் கோலத்தக் கோடு விடாம என் நோட்டுல வரைஞ்சவ நான். கடைசிப் பரீட்சைக்கு நான் போன நேரம் பாத்து, எங்கண்ணன் எவனோ ஒரு தரகன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டான்."