சடங்குதானே

கஜாலினிக்குக் கூறைச்சேலை உடுத்திவிட்டு, கொண்டையில் இரண்டு முழம் மல்லிகையைச் செருகினாள் அயல்வீட்டு ஞானசவுந்தரி. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கை நிறையக் காப்பு. கலியாணத்தன்றுகூட அவள் இவ்வளவு வடிவாய் இருந்ததில்லை.

படலையடியில் ஓர் ஓட்டோ நின்றது. குறிகட்டுவான் துறைக்குப் போகும் யாரோ தலையை நீட்டினார்கள்.

"என்ன சசிகரன், பந்தலும் ஆக்களுமாக் கிடக்கு. கொண்டாட்டமோ?"

"கொண்டாட்டமில்லை. சடங்கு. எங்கட அண்ணைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யிறம்."

உள்ளே ஞானசவுந்தரி கடைசிக் காப்பையும் கஜாலினியின் கையில் ஏற்றினாள். கழற்றுவதற்காகத்தான் அவள் இவ்வளவையும் பூட்டிக்கொண்டிருந்தாள்.

சசிகரனின் ஒரே அண்ணன் பகீரதன், கஜாலினியின் புருசன். ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் பத்து வருசத்துக்கு மேலாகிறது. 'இண்டைக்குப் படகேறுறம்' என்று எடுத்த போன்தான் கடைசி. படகு தாழ்ந்துபோனதென்று பிறகு ஊரில் கதை வந்தது. கஜாலினி அதை நம்பவில்லை. வருசா வருசம் நயினாதீவுக்குப் போய், அம்மன் முன்னால் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வருவாள்.

போன மாதந்தான் பகீரதனின் தாய், மாமி அன்னப்பிள்ளை, கதையைத் தொடங்கினாள்.

"பிள்ளை, அவன் கனவில வாறான். படலையடியில நிண்டு 'பசிக்குதம்மா' எண்டு கேக்கிறான். ஒரு பிடி பிண்டம் வைக்காம இன்னும் எவ்வளவு காலத்துக்கு அவனை அலைய விடப்போறாய்?"

"எனக்கு மனசு வருகுதில்லை மாமி."

"கொண்டாட்டத்துக்குத்தான் அண்ணி மனசு வேணும்," என்றான் சசிகரன். "இது சடங்குதானே. கை இருந்தாக் காணும்."

பசி என்ற சொல்தான் அவளை விழுத்தியது. வெளிக்கிட்ட அன்று விடியற்காலை, அவள் அவித்து வைத்த புட்டைத் தொடாமல் போனவன் அவன். அன்றிரவு முழுக்க அழுதுவிட்டு, விடிந்ததும் ஓமென்றாள்.

பந்தலுக்குள், பகீரதனுக்குப் பதிலாகத் தர்ப்பையில் முடிந்த உருவத்தை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்த குருக்களுக்கு அலுத்துவிட்டது.

"காலமை முடிக்கவேண்டிய காரியம். உச்சியும் சாஞ்சிட்டுது. அந்தியேட்டிக்கு நேரம் வைச்ச ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. லண்டனில பெரியம்மா இப்பதான் எழும்புவா. அவவும் போனில பாக்கவேணுமாம்."

சசிகரன் போனைக் கதிரையில் நிமிர்த்தி வைத்து அழைப்பெடுத்தான். சடங்கு தொடங்கியது. பிண்டம் வைக்கும்போதே சிக்னல் போய்விட்டது. தீவில் அது வழக்கந்தான், யாரும் கவனிக்கவில்லை.

தர்ப்பை உருவம் எரிந்து சாம்பலானது. கஜாலினியின் பூவை உருவினார்கள். பொட்டை அழித்தார்கள். காப்புகளைக் கழற்றினார்கள். தாலிக்கொடியில் கை வைத்தபோது அவள் அதை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"மாமி, கொஞ்சம் பொறுங்கோ… கொஞ்ச நேரம்…"

அன்னப்பிள்ளை பொறுக்கவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"விடு பிள்ளை. நீ விட்டாத்தான் அவனுக்கு வழி."

கொழுக்கி கழன்றது. ஞானசவுந்தரி நெஞ்சிலடித்துக் குளறினாள். குருக்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். பெற்றவளின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை. தாலிக்கொடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சாப்பாட்டைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

ஆம்பிளைகள் சாம்பலைக் கரைக்கக் கடற்கரைக்கு நடந்தார்கள். தண்ணீருக்குள் இறங்கவேண்டுமென்று சசிகரன் போனைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பந்தலில் கஜாலினி தனியே இருந்தாள். வெள்ளைச் சேலை உடம்பில் ஒட்டவேயில்லை. கை அடிக்கடி கழுத்துக்குப் போய் வெறும் தோலைத் தடவிவிட்டு இறங்கியது. இனி அவனுக்குப் பசிக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

போன் அடித்தது. 'லண்டன் பெரியம்மா' என்று பெயர் விழுந்தது.

பாவம், சடங்கை முழுக்கப் பார்க்கக் கிடைக்காத மனுசி. நானே சொல்லிவிடுகிறேன் என்று எடுத்தாள். எடுத்த அவசரத்தில் அவள் விரல் கமராவை மறைத்துக்கொண்டிருந்தது.

முதலில் நாதஸ்வரம் கேட்டது. பெண்கள் சிரிப்பது கேட்டது. பிறகு படம் தெளிந்தது. பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் ரோசாப்பூ மாலை. ஆள் கொஞ்சம் பருத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. வலது புருவத்தைப் பிளந்த தழும்பு அப்படியே இருந்தது. அந்தத் தழும்பை எத்தனையோ இரவு விரலால் தடவியவள் அவள்.

பகீரதன் குரலைத் தாழ்த்தி, அவசரமாகக் கேட்டான்.

"அம்மா, அவள் தாலியைக் கழட்டிட்டாளோ? இஞ்ச நான் கட்டவேணும்."