கீறல் விழாத தரை

“செருப்பை வெளியே விடு. காலைத் துடைச்சிட்டு உள்ளே வா. இது தேக்குத் தரை. ஒரு கீறல் விழுந்துச்சு, உன் முதலாளிக்கு போன் போட்டு உன் வேலைக்கே உலை வச்சிடுவேன்.”

ஸ்பீக்கர் பொருத்த வந்தவன் தலையை ஆட்டினான். இடுப்பு உயரப் பெட்டிகள் இரண்டையும் வாசல் படி அத்தனையிலும் முதுகில் சுமந்து ஏற்றியிருந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“அவனை எதுக்கும்மா நிக்க வச்சுப் பேசறே?” என்றபடி வீட்டுக்காரியின் அப்பா வெளியே வந்தார். முப்பது வருஷம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். அவர் மேடை ஏறினால் மைக்குக்கு வேலை இல்லை என்பார்கள். “உழைக்கிறவன். முதல்ல டீ கொடு. எனக்குக் கொடுக்கிற டம்ளர்லயே கொடு.”

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் நெருங்கி வந்தான். “தோழர், என்னைத் தெரியலையா? மில் கிடங்குத் தீயில போன எட்டுப் பேர்ல எங்கப்பாவும் ஒருத்தர். பாய்லர்காரர்.”

“பாய்லர்காரர் மகனா!” தலைவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“திங்கக்கிழமை கடைசி விசாரணை. நீங்க சாட்சிக்கு வரணும். எட்டுப் பேரும் அன்னிக்கு வேலைக்கே வரல, கிடங்குல திருட வந்தாங்கன்னு கம்பெனி இன்னும் சாதிக்குது. எங்கப்பா திருடன் இல்லன்னு கோர்ட்டு சொல்றதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு அம்மா படுத்த படுக்கையில கிடக்கறாங்க. இதுலயும் தோத்துட்டா அப்புறம் போய்க் கேக்க ஒரு இடம் கிடையாது.”

“நான் வந்து என்னப்பா சொல்றது? வாய்ப் பேச்சு அங்கே செல்லாது. டோக்கன் கையில இருந்தா கதையே வேற. வேலைக்கு வர்றவன் கேட்டுல தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை வாங்கி இடுப்புல செருகிட்டுத்தான் உள்ளே போவான். அது உடம்போட கிடைச்சா, அவன் டூட்டியில இருந்தான்னு அர்த்தம். ஏழு குடும்பம் என்னை நம்பிக் கொடுத்துது. கோர்ட்டுக்குப் போற வழியில பஸ்ல பையோட தொலைச்சேனே, பாவி!”

“நீங்க எங்க வாசல்ல உக்காந்து அழுததை அம்மா இன்னும் சொல்வாங்க. உங்களுக்கு அவங்கதான் ஆறுதல் சொன்னாங்களாம். அப்பா டோக்கனை மட்டும் பிரிய மனசில்லாம அவங்களே வச்சுக்கிட்டாங்க. அந்த ஒண்ணைக் காட்டினா, ‘அதுவும் திருடினதுதான்’னு கம்பெனி வக்கீல் சிரிக்கிறார்.”

“பாக்கறேன்பா. உடம்பு இடம் கொடுத்தா வரேன்.” தலைவர் குளிக்க மாடிக்குப் போனார்.

டீ வந்தது. காகிதக் கப்பில்.

அவன் ஒரு பெட்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். நான்கு மூலையிலும் ஆணி மாதிரி கூரான இரும்புக் கால்கள்.

“அம்மா, இந்தக் காலுக்கு அடியில வைக்கிற வில்லைங்களைக் காணோம். கடையிலயே விட்டுட்டாங்க போல. நாளைக்குக் கொண்டு வந்து நிறுத்திடறேன்.”

“நாளைக்கா? அப்பாவோட பழைய மேடைப் பேச்சையெல்லாம் போட்டுக் கேக்கணும்னு சாயங்காலம் இருபது பேர் வராங்க!”

“இப்படியே நிறுத்தினா கூர் மரத்துல இறங்கிடும். எட்டுக் காலுக்கு எட்டுப் பள்ளம் விழும். தடியா, காசு மாதிரி எட்டுத் தகடு இருந்தா இப்பவே வச்சிடலாம்.”

அவள் யோசித்தாள். உள்ளே போய் எதையெதையோ உருட்டினாள். திரும்பி வந்து அவன் கையில் கொட்டினாள்.

“வீட்டுப் பத்திரம் இருக்கிற பெட்டியில, அடியில கிடந்துச்சு. எதையெல்லாம் சேத்து வச்சிருக்கார் பாரு. ஏழுதான் இருக்கு. மிச்சம் ஒரு காலுக்கு அட்டையை மடிச்சு வை.”

கறுத்துப்போன வட்டத் தகடுகள். ஒன்றைச் சட்டை நுனியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அடுத்ததை எடுத்தான். ஏழையும் துடைத்து, ஒவ்வொன்றிலும் இருந்த நம்பரைப் படித்தான்.

பிறகு ஏழையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

“டேய்! எதை எடுத்து எங்கே போடறே? அப்பா, ஓடி வாங்க! திருடன்!”

தலைவர் ஈரத் தலையோடு படியிறங்கி வந்தார். “என்னம்மா சத்தம்?”

“தரையில வைக்கக் கொடுத்தா பையில போட்டுக்கறான்பா. உங்க பத்திரப் பெட்டியில கிடந்துச்சே, ஏழு தகடு...”

கடைசிப் படியில் அவர் கால் நின்றுவிட்டது. கை மட்டும் கைப்பிடியைத் தேடியது.

அவன் பெட்டியை மெதுவாகக் கம்பளத்தில் படுக்க வைத்தான். தரையில் ஒரு கீறல் விழவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

“திங்கக்கிழமை நீங்க வர வேணாம், தோழர். எங்கப்பாகூட இந்த ஏழு பேரும் வந்தாப் போதும்.”