மெதுவாக ஏறும் சார்ஜ்

கருமத்தம்பட்டியில் மாடி ஒற்றையறையில் குடியிருக்கும் ஷைலா, மணி ஆறானால் போனும் சார்ஜருமாகக் கீழே இறங்கிவிடுவாள். அறையில் இருந்த ஒரே பிளக் கருகிப்போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்கார கிளாடிஸக்கா, "ஆளை வரச் சொல்லிருக்கறேன்" என்பதோடு சரி.

"ஏனுங்க்கா, எவ்வளவு ஏறியிருக்குது?"

சமையலறையிலிருந்து கிளாடிஸ் குரல் கொடுத்தாள். "இருபத்திரண்டுதான் கண்ணு. மெதுவா ஏறுனாத்தான் பேட்டரி உழைக்கும். எம்பது வந்ததும் எடுத்துப்போடலாம். அதுவரைக்கும் காப்பி குடி."

"நான் வந்தப்பவும் இருபத்திரண்டுதானுங்களே?"

"பழைய போனு, அப்படித்தான் இருக்கும்."

காப்பி வந்தது. பின்னாலேயே பங்குச் சாமியார் மாற்றலாகிப்போன கதையும், எதிர்வீட்டுக் கல்யாணம் நின்றுபோன கதையும் வந்தன. தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஷைலா உள்ளே போய்ப் பார்த்தாள். சார்ஜர் செருகித்தான் இருந்தது. சுவிட்சை மட்டும் யாரோ அணைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ! பிள்ளைகள் இரண்டும் கனடா போனபின் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பேச்சுத்துணைக்கு இப்படியும் ஒரு தந்திரம்.

ஷைலா சுவிட்சைத் தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "அந்தக் கல்யாணம் எதுக்குங்க்கா நின்னுபோச்சு?" என்றாள்.

கதை முடிந்து மாடி ஏறினாள். கணவன் மஸ்கட்டில் இருக்கிறான். கழுவி வைக்க ஒரு தட்டு, ஒரு டம்ளர். கட்டிலோரத்துப் பிளக்கில் போனைச் செருகினாள். சார்ஜ் விறுவிறுவென்று ஏறியது.

கிளாடிஸ் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், ஷைலாவே ஆளைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்து மூன்று வாரமாகிறது.