ஒன்பது பத்து

வாசலில் கார் கதவு படாரென்று சாத்தும் சத்தம். "அப்பா!" என்ற எப்சியின் அலறல் அவளுக்கு முன்பே வீட்டுக்குள் வந்தது.

ரீபா எழுந்திருக்கப் பார்த்தாள். கணவன் ஜாபேஸின் கை அவள் தோளில் அழுந்தியது. பார்க்கிறவர்களுக்கு ஆறுதல்போலத்தான் இருக்கும்.

மதுரையிலிருந்து அடித்துப் பிடித்து வந்த எப்சி, அப்பா கிடந்த ஐஸ் பெட்டிமேல் விழுந்து அழுதாள்.

"மனசத் தேத்திக்க எப்சி," என்றான் அவள் அண்ணன் ஜாபேஸ். "பதினோரு மணிக்கு நல்ல நெனவோட இந்த வீட்ட என் பேருக்கு உயில் எழுதி, கைநாட்டு வச்சாவ. பன்னெண்டுக்கு உறக்கத்துலயே போயிட்டாவ. ஒன் மதினிதான் சாட்சி."

சாட்சிக் கையெழுத்து ரீபாவுடையதுதான். பக்கவாதத்தில் கிடந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ள அயர்லாந்திலிருந்து லீவில் வந்தவள். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். திரும்பிப் போக இன்னும் ஆறே நாள்.

அவள் பாஸ்போர்ட் ஜாபேஸின் பீரோவில். பீரோ சாவி அவன் சட்டைப் பையில்.

எப்சி மதினியின் முகத்தைப் பார்த்தாள். ரீபா தரையைப் பார்த்தாள். தோளில் விரல்கள் இறுகின.

எப்சியின் பார்வை அறையைச் சுற்றியது. விரியத் திறந்த ஜன்னல். சேலை போட்டு மூடிய முகக்கண்ணாடி.

"எல்லாம் இவ கூத்து," ஜாபேஸ் சிரிக்கப் பார்த்தான். "ஆவி வெளிய போவ ஜன்னலத் தொறக்கணுமாம். அயர்லாந்துல கெழவிமாரு சொல்லிக் குடுத்ததாம். கடியாரத்துக்குச் சாவி குடுக்க மட்டும் மகாராணிக்கு நேரமில்ல."

சுவரில் மாமாவின் பழைய பெண்டுலக் கடிகாரம் ஒன்பது பத்தில் நின்றிருந்தது.

கடிகாரத்துக்குச் சாவி கொடு என்று மத்தியானத்திலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டான். மூன்று முறையும் ரீபா தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

எப்சியின் அழுகை நின்றது.

மதினி வாராவாரம் ஃபோனில் சொல்லும் அயர்லாந்துக் கதைகளை விழுந்து விழுந்து சிரித்தபடி கேட்டவள் அவள். ஜாபேஸ் ஒருநாளும் காது கொடுத்ததில்லை.

கடிகாரத்தின் அருகே போனாள். பெண்டுலத்தை ஒரு விரலால் லேசாகத் தள்ளினாள்.

டிக்... டிக்... டிக்... ஓடத் தொடங்கியது. சாவி தீரவில்லை.

ஜாபேஸின் கை ரீபாவின் தோளிலிருந்து நழுவியது.

எப்சி திரும்பினாள்.

"அயர்லாந்துல, உசுரு போன நிமிசத்துல கடியாரத்தக் கையால நிறுத்திருவாவன்னு மதினி சொல்லிருக்கா. ஏண்ணே, ஒம்பது பத்துக்குச் செத்த அப்பா, பதினோரு மணிக்கு எப்படிக் கைநாட்டு வச்சாவ?"